நூலகத் தேடலும் பினாங்குத் தமிழ் நூல்களும்

தமிழாய்வு மாணவர்க்கு ஆய்வு நெறிமுறை கற்பிக்கும்போது, துணைநூற்பட்டியல் அமைப்பதற்குத் தரும் இடத்தை நூலைத் தேடிக் கண்டடைவதற்கு நாம் தருவதில்லை. இக்குறையைப் பினாங்கில் அச்சான தமிழ் நூல்களைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

பினாங்கு 1826 முதல் 1946 வரை நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றாக விளங்கியது. 1832இல் தலைநகர் சிங்கப்பூருக்கு மாறியது. 1886ஆம் ஆண்டின் நூற்பதிவுச் சட்டப்படி அங்கு அச்சான நூல்கள் பதிவு செய்யப்பெற்று, அவற்றின் பட்டியல் அரசிதழில் வெளிவந்தது. படிகள் இலண்டனுக்கும் சென்றன. ஆதலால், ஜார்ஜ் டவுனில் அச்சான நூலொன்றைப் பினாங்கில் மட்டும் தேடிவிட்டு ‘கிடைக்கவில்லை’ என எழுதுதல் பொருந்தாது. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்திலும் பிரித்தானிய நூலகத்திலும் தேடியாக வேண்டும். ஆட்சி வரலாறு அறியாதவர்க்கு இவ்வழி புலப்படாது.

இராம. சுப்பையா தொகுத்து, மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்ட ‘தமிழ் மலேசியானா’ இத்தேடலுக்கு நல்ல தொடக்கம். ஆயினும் அதுவே முடிவன்று. நூலக மின்பட்டியல்களில் தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் உள்ளன. ‘பழனி’ என்பதன் ழகரம் ஓரிடத்தில் ‘எல்’ எனவும், மற்றோரிடத்தில் ‘இசட் எச்’ எனவும் எழுதப்படும். ஒரு வடிவத்தை மட்டும் இட்டுத் தேடுவோர் உள்ள நூலையும் இல்லையெனக் கொள்வர். அப்பிழை ஆய்வேட்டில் ஏறிவிட்டால், பின்வருவோர் அதனையே மேற்கோளாக்குவர்.

ஆகவே, ஆய்வேட்டை மதிப்பிடும் ஆசிரியர், எந்நூல்களைக் கண்டீர் என்பதோடு எங்கெங்கே, எவ்வெவ்வடிவில் தேடினீர் என்றும் வினவுதல் வேண்டும். ‘இல்லை’ என்பதற்கும் சான்று தேவை என்பதே எம் கருத்து.