ஒரு கார் அகல இடம்

பழைய டூரிங் கார் பந்தயத்தை ரசிக்க வருகிறவர் வண்டியின் வேகத்தைப் பார்ப்பதை முதலில் விட்டுவிட வேண்டும். பார்க்க வேண்டியது முன்சக்கரம். வளைவுக்குள் நுழையும்போது அது எவ்வளவு திரும்புகிறது, எத்தனை நேரம் திரும்பியே இருக்கிறது, வெளியே வரும்போது எந்த இடத்தில் நேராகிறது. கைதேர்ந்தவரின் முன்சக்கரம் கொஞ்சம் சோம்பேறியாகத் தெரியும். அரைகுறை ஓட்டுநருடையது ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். கணினிக்குள் ஓடும் சிமுலேட்டர் பந்தயத்துக்கும் இதேதான், இன்னும் கறாராக. அங்கே ஓட்டுகிறவருக்கு உடம்பின் துணை கிடையாது.

நிஜக் காரின் பின்பக்கம் வழுக்கத் தொடங்கினால் சேதி முதலில் இடுப்புக்குத்தான் போகும். கண்ணுக்குத் தெரிவது அப்புறம். வீட்டு நாற்காலியோ நகராது. மிச்சமிருப்பவை கண், காது, கை. மேசையில் திருகிப் பூட்டிய ஸ்டீயரிங்குக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. முன் டயர்களுக்கும் சாலைக்கும் இடையிலான இழுபறியை மென்பொருள் கணக்கிட்டு அந்த மோட்டார் வழியாகக் கைக்கு அனுப்புகிறது. டயர் தன் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது ஸ்டீயரிங் கனப்பதில்லை, லேசாகிறது. புதியவர் அதைத் தனக்குக் கிடைத்த சலுகை என்று எண்ணி இன்னும் திருப்புவார், வண்டி நேரே புல்வெளிக்குப் போகும். பழகியவர் அந்த லேசு கைக்குத் தட்டுப்பட்டதுமே துளி தளர்த்துவார். இந்தக் கலையில் பாதி அந்தத் துளியில் இருக்கிறது.

மறுபாதி பிரேக்கில். நேராக ஓடும்போது அழுத்தி மிதித்து, வளைவுக்குள் திரும்பிக்கொண்டே மிதியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், கிணற்றில் வாளி இறக்குகிறவர் கயிற்றைப் பிடித்துப் பிடித்து விடுவதுபோல. சட்டென்று விட்டால் முன்சக்கரத்தின் மேல் இருந்த பாரம் பின்னால் போய்விடும், வண்டி திரும்பாது. விடாமலே மிதித்திருந்தால் பின்பக்கம் முன்னே வந்துவிடும். நல்ல பெடல்களில் மிதியின் தூரத்தை அளப்பதில்லை; அழுத்தத்தை அளக்கும் உணரி இருக்கிறது. காலின் ஞாபகம் தூரத்தைவிட அழுத்தத்தையே நன்றாக வைத்துக்கொள்ளும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

இதற்கெல்லாம் இன்றைய பந்தயக் கார்களைவிடப் பழைய டூரிங் கார்கள் தோதானவை. 1982-இல் வந்த ‘குரூப் ஏ’ விதிப்படி, பந்தயத்துக்கு வரும் கார் 12 மாதத்தில் 5,000 வண்டிகளாவது தயாராகியிருக்க வேண்டியிருந்தது. அதை மேம்படுத்திய வகை என்றால் 500. ஃபோர்டு சியரா ஆர்எஸ்500-இன் பெயரில் உள்ள எண் அந்தக் கணக்குத்தான். மெர்சிடிஸ் தன் 190ஈ எவோ-2 காரை 502 வண்டிகள் கட்டியது. அலுவலகத்துக்குப் போகிற நான்கு கதவுப் பெட்டிக்குப் பின்னால் ஓர் இறக்கையை மாட்டி அனுப்பினார்கள். காற்றின் அழுத்தத்தால் தரையோடு ஒட்டி ஓடும் வகையல்ல இவை. வண்டி சாயும், மூக்கைத் தாழ்த்தும், சறுக்கும். ஓட்டுகிறவர் செய்வது அத்தனையும் வெளியே தெரியும். ரசிகனுக்கு வேறென்ன வேண்டும்?

நமக்கும் இது அந்நியமான சங்கதி இல்லை. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திய காலத்தில் ஃபியட் 1100-உம் ஹெரால்டும் அம்பாசடரும் அங்கே முட்டிமோதியிருக்கின்றன. கல்யாண ஊர்வலத்துக்குப் போகிற அதே வண்டிகள். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. தடம் வந்தது, ஓடுதளம் ஓய்ந்தது.

என் அண்ணன் மகன் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் இருந்துகொண்டு பழைய டூரிங் கார்களை ஓட்டுகிறான். ரேஸ்ரூம் என்ற சிமுலேட்டரில் 1992-ஆம் ஆண்டின் ஜெர்மன் டூரிங் கார்கள், அதாவது பிஎம்டபிள்யூ எம்3, மெர்சிடிஸ் 190ஈ, ஆடி வி8 எல்லாம் ஒரே வகுப்பாக உண்டு. அவனுடையது எம்3. அண்ணனிடம் வெகுகாலம் ஒரு பிரீமியர் பத்மினி இருந்தது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். மலையை விட்டு ஆலங்காயத்துக்கு இறங்கும்போதெல்லாம் “பிரேக்க நம்பாத, கியர நம்பு” என்பார் அண்ணன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன், இப்போது கியர் இறக்கும்போது வலது காலின் முன்பகுதியால் பிரேக்கையும் ஓரத்தால் ஆக்சிலரேட்டரையும் ஒரே நேரத்தில் மிதிக்கிறான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பைத் தட்டியே இந்தக் கார்களுக்குக் கியர் மாற்றுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அது நாதஸ்வரத்தைக் கீபோர்டில் வாசிப்பது. வேகம் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

அவன் ஓட்டும் இணைய லீகில் சீசனின் கடைசி நாள். தடம் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச், சிறிய வடிவம். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. முதல் வளைவான பேடக் ஹில் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே பள்ளத்தில் விழும். விழுந்த வேகத்தில் மேடேறினால் உச்சியில் ட்ரூயிட்ஸ் என்ற கொண்டை ஊசி. அன்று இரண்டு பந்தயங்கள். முதலாவதில் முன்னால் வந்தவர்கள் இரண்டாவதில் பின்னாலிருந்து புறப்பட வேண்டும். டூரிங் கார் உலகின் குறும்பான ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மெர்சிடிஸில் சில பாயின்ட் முன்னிலை. கடைசிப் பந்தயத்தில் அவரைத் தாண்டி முடித்தால் பட்டம் இவனுக்கு.

கடைசிப் பந்தயம் என்றதும் ரசிகர்களுக்கு 1992 அக்டோபரில் சில்வர்ஸ்டோனில் நடந்தது ஞாபகம் வரும். பிரிட்டிஷ் டூரிங் கார் பட்டத்துக்கு அன்று மூன்று பேர்: வாக்ஸால் கேவலியரில் ஜான் க்ளீலண்ட், டொயோட்டாவில் வில் ஹோய், பிஎம்டபிள்யூவில் டிம் ஹார்வி. ஹார்வியின் அணித்தோழர் ஸ்டீவ் சோப்பரும் க்ளீலண்டும் மோதி இருவருமே வெளியேறினார்கள், பட்டம் ஹார்விக்கு. அது வேண்டுமென்றே நடந்ததா என்று இன்றுவரை பேசுகிறார்கள். தகரம் நசுங்குவதில் ஒரு கிளர்ச்சி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பந்தயத்தை டூரிங் கார் கலையின் சிகரம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. இடிக்காமல் நெருங்குவதுதான் கடினம். இணையத்தில் அது பல மடங்கு கடினம்.

காரணம், திரையில் தெரியும் எதிராளியின் கார் அங்கே இல்லை. அவருடைய கணினி அனுப்பிய சேதி சர்வருக்குப் போய் இங்கே வந்து சேர நேரமாகிறது. பத்தில் ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் அதற்குள் கார் 4.4 மீட்டர் போயிருக்கும். எம்3-இன் மொத்த நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்த இடைவெளியை மென்பொருள் ஊகத்தால் நிரப்புகிறது: இதே வேகத்தில் போயிருந்தால் இப்போது இங்கே இருப்பார் என்று ஒரு காரை வரைந்து காட்டுகிறது. நேர்ச்சாலையில் ஊகம் பலிக்கும். பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் தப்பும். முந்துவதோ அந்த இடத்தில்தான்.

பழைய காட்சியை வைத்துக் கணக்குப் போடுவது அந்த மலைக்குப் புதிதல்ல. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகிற வழியில்தான் காவலூர் வானோக்கு நிலையம். 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அதற்கும் முன்பே, 1972-இல், வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்த கணத்தை அங்கிருந்து அளந்து, அதற்கு வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் கண்டார்கள். கானிமீடின் வெளிச்சம் இங்கே வந்துசேர அரைமணி நேரத்துக்கும் மேலாகும். பார்த்தது பழைய காட்சி என்று தெரிந்தேதான் அளந்தார்கள். சிமுலேட்டரில் தன் திரையில் இருப்பதும் பழைய காட்சி என்று தெரிந்தே ஓட்டுகிறவர்கள் ஒரு சிலர்தான்.

லீகின் கடைசிப் பந்தயத்தில், இறுதிச் சுற்றில் பேடக் ஹில்லை இவன் அழகாக எடுத்தான். பள்ளத்தின் அடியில் ஸ்டீயரிங் லேசாவதற்கு முன்பே தளர்த்திவிட்டு, மேட்டில் மெர்சிடிஸைவிட நல்ல வேகத்தோடு ஏறினான். ட்ரூயிட்ஸ் வாசலில் உட்பக்கம் இடம் திறந்தது. எம்3-இன் மூக்கு மெர்சிடிஸின் பின்கதவு வரை போய்விட்டது. ஸ்ட்ரீமில் வர்ணனையாளர் போட்ட சத்தத்தில் (இவர்கள் கொஞ்சம் வாயை மூடினால் இஞ்சின் சத்தமாவது கேட்கும்) நானும் எழுந்துவிட்டேன். அவன் பிரேக்கை ஒரு துளி முன்னதாக மிதித்து, ஒரு கார் அகல இடம் விட்டுப் பின்னால் ஒதுங்கினான். இரண்டாவதாக முடித்தான். பட்டம் கோயம்புத்தூருக்கு.

“இடம் இருந்துச்சேடா!” என்றேன்.

“எனக்கு இருந்துச்சு சித்தப்பா. அவருக்கு இருந்துச்சான்னு தெரியல.”

அன்றிரவே கோயம்புத்தூர்க்காரர் தன் கணினியில் பதிவான ரீப்ளேயை அனுப்பிவைத்தார். இரண்டையும் பக்கம்பக்கமாக ஓடவிட்டுப் பார்த்தோம். இவனுடைய பதிவில் எம்3-இன் மூக்கு பின்கதவுக்குப் பக்கத்தில். அவருடைய பதிவில், அதே கணத்தில், அது இன்னும் பின் பம்பரைக்கூட எட்டவில்லை. அவர் பாட்டுக்கு யாருமில்லாத உட்பக்கத்துக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். நுழைந்திருந்தால் இருவருமே மணல் குழியில் கிடந்திருப்பார்கள். இரண்டு பதிவுகளிலும் மாறாமல் இருந்தது இவனுடைய முன்சக்கரம். ஒதுங்கும்போதுகூட அது ஒரேயொரு முறைதான் அசைந்தது.

அடுத்த சீசனுக்கு மெர்சிடிஸுக்கு மாறப்போகிறானாம். எனக்கு அதில் சம்மதமில்லை. அவன் கைக்கு எம்3-தான் பொருந்தும். அண்ணனை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.