நாலு நட்சத்திர அறையும் விடியற்கால ரயிலும்

முதல்முறை சென்னைக்கு வருகிறவர்களுக்கு இப்போது எல்லோரும் சொல்கிற யோசனை ஒன்றுதான். "செயலியைத் திற, பட்ஜெட்டைப் போடு, நாலு நட்சத்திரத்துக்கு மேல இருக்கிற ரூமாப் பார்த்துப் பிடி. எந்த ஏரியாவா இருந்தா என்ன, மீதியைக் கால் டாக்ஸி பார்த்துக்கும்." அண்மையில் நண்பர் ஒருவர் இதையே ஒரு பெரிய மாற்றமாக எடுத்துச் சொன்னார். ரிசப்ஷனில் நின்று பேரம் பேசி ஏமாந்த காலம் போய்விட்டது, கோவில்பட்டிக்காரருக்கும் கொல்கத்தாக்காரருக்கும் இன்று ஒரே திரையில் ஒரே விலைதான் தெரிகிறது என்பது அவர் வாதம். அதில் பாதியை மறுப்பதற்கில்லை.

தனியாக வரும் பெண்ணைப் பார்த்ததும் "ரூம் இல்லைம்மா" என்று திருப்பி அனுப்பிய லாட்ஜ்கள் இந்த நகரத்தில் நிறைய இருந்தன. கமிஷனுக்காக ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிட்ட இடத்தில், கேட்ட வாடகையைக் கொடுத்துத் தங்கியவர்களும் உண்டு. படம் பார்த்து, விலை தெரிந்து, ஊரிலிருந்தே பதிவு செய்ய முடிவது பெரிய வசதி. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் எதிர்ப்பு வேறு இடத்தில் இருக்கிறது. செயலி முதலில் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை பேர். என்ன வேலையாக வருகிறீர்கள், எத்தனை மணிக்கு வந்து இறங்குகிறீர்கள் என்று அது கேட்பதேயில்லை. பெருநகரத்துக்குப் புதிதாக வருகிறவர் எங்கே தங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த இரண்டும்தான். இவற்றை விட்டுவிட்டு மெத்தை விரிப்பின் வெண்மையை வைத்து அறை பிடிக்கும் பழக்கத்தைத்தான் நாம் புத்திசாலித்தனம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

"நகர மையத்திலிருந்து 9 கி.மீ." என்று ஒவ்வொரு விடுதிக்குக் கீழேயும் ஒரு வரி வருகிறது. சென்னைக்கு எது மையம்? தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், டிஎன்பிஎஸ்சி அலுவலகம், அரசுப் பொது மருத்துவமனை ஆகியவை கோட்டை, பாரிமுனை, பூங்கா நகர் வட்டாரத்தில் இருக்கின்றன. கண்ணுக்கு வருகிறவர் நுங்கம்பாக்கம் போவார், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வருகிறவர் அடையாறு போவார். கணினி நிறுவன நேர்காணலுக்கு வருகிற பையன் 2000-இல் திறந்த டைடல் பார்க்கில் தொடங்கிப் பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் போக வேண்டியிருக்கலாம். கார்த் தொழிற்சாலை என்றால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். கோட்டைக்கும் சிறுசேரிக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒருவருக்கு மையமாக இருப்பது இன்னொருவருக்குப் பட்டினப்பாக்கத்துக் கடல் மாதிரி, ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வருகிற இடம்.

இடத்தையாவது வரைபடத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நேரத்தில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தென் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வரும் பயணம் பெரும்பாலும் இரவுப் பயணம். மாலையில் ஏறினால் விடியற்காலையில் எழும்பூர் அல்லது தாம்பரம். வந்த வேலை காலை 10 மணிக்கு இருக்கும். அரசு அலுவலகம், நேர்காணல், மருத்துவர் என்று எல்லாமே முற்பகல்தான். ஆகவே முதல்முறை வருகிறவருக்கு அறை மிக அவசரமாகத் தேவைப்படும் நேரம் காலை 5 முதல் 9 வரை. குளிக்க, உடை மாற்ற, பையை வைக்க, பத்து நிமிடம் காலை நீட்டிப் படுக்க. செயலி வழியாக விற்கும் அறைகளில் பெரும்பாலானவை பகல் 12 மணிக்குத் திறந்து மறுநாள் 11 மணிக்கு மூடுகின்றன. இந்தக் கணக்கு விமானத்தில் வந்து, மாலையில் அறைக்குப் போய், மறுநாள் காலை உணவு முடித்துக் கிளம்புகிறவருக்குப் பொருந்தும். கடையநல்லூரிலிருந்து படுக்கை வசதிப் பெட்டியில் வருகிறவருக்குப் பொருந்தாது.

எனக்குத் தெரிந்த தகப்பனும் மகளும் அப்படித்தான் வந்தார்கள். மகளுக்கு டிஎன்பிஎஸ்சியில் சான்றிதழ் சரிபார்ப்பு. துரைப்பாக்கத்தில் நல்ல அறை, நட்சத்திரம் நாலுக்கு மேல், வாடகையும் எழும்பூரைவிடக் குறைவு என்று அந்தப் பெண்ணே பார்த்துப் பதிவு செய்திருந்தாள். எழும்பூரில் விடிந்தும் விடியாமலும் இறங்கி விடுதிக்குப் போன் போட்டார் அப்பா. "செக்கின் பன்னெண்டு மணிக்குத்தான் சார். முன்னாடி வந்தா அரைநாள் வாடகை சேர்த்துக் கொடுக்கணும்." கொடுக்கவும் அவர் தயார்தான். ஆனால் துரைப்பாக்கம் போய்க் குளித்துவிட்டு, அலுவலக நேர நெரிசலில் அங்கிருந்து கோட்டைப் பக்கம் திரும்பி வருவதை நினைத்து மலைத்துப் போனார். கடைசியில் ஸ்டேஷனிலேயே கட்டணக் குளியலறை. உள்ளே மகள் ஈரத் தரையில் சுடிதார் நனையாமல் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். வெளியே அப்பா இரண்டு பையையும் காலுக்கு நடுவே வைத்து, அசல் சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அதே பைகளோடு அலுவலகத்துக்குப் போய், மகள் உள்ளே இருந்த நேரமெல்லாம் வெளியே நடைபாதையில் காத்திருந்தார். அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு. மறுநாள் 11 மணிக்கு அறையைக் காலி செய்துவிட்டு, மாலை ரயில் வரைக்கும் மறுபடியும் பையோடு தெருவில்.

இத்தனைக்கும் எழும்பூரிலிருந்து மின்சார ரயில் ஏறினால் பூங்கா, அடுத்தது கோட்டை. அலுவலகம் அதற்குப் பக்கத்திலேயே. எழும்பூரில் விடியற்காலை அறை கொடுக்கும் லாட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தால் குளித்துப் பையை வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போயிருப்பார்கள், வேலை முடிந்து அன்று இரவு ரயிலிலேயே ஊர் திரும்பியும் இருப்பார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பகல். அவர்கள் காசு கொடுத்து வாங்கியது ஓர் இரவு. இதை அந்தப் பெண்ணின் அறியாமை என்று சொல்ல மாட்டேன். அவள் பார்த்த திரையில் பகல் என்று ஒன்று விற்பனைக்கே இல்லை.

எழும்பூர், பெரியமேடு, திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய லாட்ஜ்களில் வேறு கணக்கு இருந்தது, பல இடங்களில் இன்னும் இருக்கிறது. உள்ளே நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். விடியற்காலை அஞ்சரைக்கு வந்தால் மறுநாள் அஞ்சரை வரைக்கும் அறை உங்களுடையது. 1908-இல் கட்டிய எழும்பூர் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த தொழில் அது, வந்து இறங்குகிறவனின் நேரம் தெரிந்து வளர்ந்த தொழில். சுவரில் சாயம் உதிர்ந்திருக்கும், வாளி கீறியிருக்கும், நட்சத்திரம் இரண்டரையைத் தாண்டாது. ஆனால் இரவெல்லாம் முன்மேசையில் ஆள் விழித்திருப்பார், நீங்கள் வரும் நேரத்தில் சாவி கிடைக்கும். இப்போது சில லாட்ஜ்கள் இரண்டு கணக்கு வைத்திருக்கின்றன. நேரில் போனால் 24 மணி நேரம், செயலி வழியாகப் போனால் பகல் 12 மணிக் கணக்கு. நல்ல வழக்கம் ஒன்று நம் கண்ணெதிரே தேய்ந்துகொண்டிருக்கிறது.

நட்சத்திரத்தை யார் போடுகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். காரில் வந்து ஒரு ராத்திரி தங்கிய குடும்பம், கம்பெனி செலவில் வந்த விற்பனை அதிகாரி, கல்யாணத்துக்கு வந்த கூட்டம். இவர்களுக்கு வைஃபை முக்கியம், ஏசி முக்கியம். பக்கத்தில் பஸ் நிறுத்தம் இருக்கிறதா, விடியற்காலை இட்லி கிடைக்குமா, இரவு ஒன்பதுக்கு மேல் அந்தத் தெருவில் ஒரு பெண் நடந்து வரலாமா என்பதெல்லாம் அந்தச் சராசரியில் இல்லை. முதல்முறை வருகிறவருக்கு இவைதான் நகரம். ஊர் தெரிந்தவன் போட்ட மதிப்பெண்ணை வைத்து ஊர் தெரியாதவன் அறை பிடிக்கிறான்.

மீதியைக் கால் டாக்ஸி பார்த்துக்கொள்ளும் என்பது வசதி உள்ளவர் பேச்சு. காலை எட்டரை மணிக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் கால் டாக்ஸி கேட்டுப் பார்க்கட்டும். மெட்ரோ பணிக்குத் தடுப்பு வைத்த சாலை, ஏறிக்கொண்டே போகும் கட்டணம், ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசி நிமிடத்தில் ரத்து செய்யும் ஓட்டுநர். அறை வாடகையில் மிச்சம் பிடித்தது ஒரு தடவைப் பயணத்திலேயே போய்விடும். காசைக்கூட விடுங்கள். நேர்காணலுக்குப் போகிற பிள்ளை அந்த ஒன்றரை மணி நேரம் வண்டிக்குள் படும் பதற்றத்துக்கு எந்தச் செயலியும் ஈடு கட்டப்போவதில்லை.

இடம் தேர்ந்தெடுப்பதை யாரிடம் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டால் கிரீம்ஸ் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள் என்பேன். 1983-இல் அங்கே அப்போலோ மருத்துவமனை வந்தது. மேற்கு வங்கம், திரிபுரா, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகளும் உறவினர்களும் வருகிறார்கள். தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது, சென்னையை முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் தங்கும் இடத்தில் நம்மைப் போல் தவறுவதில்லை. முன்பு சிகிச்சைக்கு வந்துபோன ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்துவிட்டு நேரே அந்தச் சந்துகளுக்கு வந்துவிடுகிறார்கள். வங்காள எழுத்தில் பலகை மாட்டிய விடுதி, மூலையில் அடுப்பு வைத்த சின்ன அறை, தெருவில் மீன்குழம்புச் சாப்பாடு. நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நடந்தே மருத்துவமனைக்குப் போய்விடலாம். அறையில் காற்றோட்டம் இருக்காது, தரகர்களும் உண்டு. ஆனால் வந்த வேலைக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவே சாலை கடக்கும் தூரம்தான்.

பழைய யோசனையையும் நான் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிப் பிடிக்கவில்லை. "இறங்கின இடத்துக்கு எதிரிலேயே ரூம் போடு" என்று பெரியப்பாமார் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி. 2002-இல் கோயம்பேடு திறந்தபோது பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அந்த இடம் மாறியது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் திறந்தபின் தென் மாவட்டத்துப் பஸ்ஸில் வருகிறவர் வண்டலூரை ஒட்டி இறங்குகிறார். மெட்ரோவோ விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே இறங்குகிறோம் என்பதற்காக அங்கேயே தங்கினால் பாரிமுனை வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஆனால் பெரியப்பா சொன்னதற்குள் இருந்த நியாயம் மாறவில்லை. அவர் அறையை நினைத்துச் சொல்லவில்லை, கையில் பையோடு நிற்கிற ஆளை நினைத்துச் சொன்னார்.

ஆட்களைக் காலை 10 மணிக்கு வரச் சொல்லிக் கடிதம் அனுப்பும் அலுவலகங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. எந்த ரயில் நிலையம் பக்கம், பை வைக்க இடம் இருக்கிறதா என்று இரண்டு வரி சேர்த்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கும்.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது முதல்முறை சென்னைக்கு வருவதாக இருந்தால், செயலியைத் திறப்பதற்கு முன் அழைப்புக் கடிதத்தில் உள்ள முகவரியையும் ரயில் வந்துசேரும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த முகவரிக்கு மின்சார ரயிலிலோ மெட்ரோவிலோ நேராகப் போகக்கூடிய இடமாகப் பாருங்கள். ஒரு பகல் போதும் என்றால் ரயில் நிலைய ஓய்வறையையே பாருங்கள். ஐஆர்சிடிசியில் பிஎன்ஆர் எண்ணைப் போட்டு 12 மணி நேரத்துக்கும் பதிவு செய்யலாம். அது கிடைக்காவிட்டால் விடுதிக்குப் போன் செய்து, "விடியற்காலம் அஞ்சரைக்கு வர்றோம், அப்பவே ரூம் தருவீங்களா, எத்தனை மணிக்கு விடணும்?" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத விடுதிக்கு எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் பணம் கட்டாதீர்கள்.