டீச்சரே இல்லாத உயிருக்கு டீச்சர் பட்டம்

'மை ஆக்டோபஸ் டீச்சர்' (2020) படத்தை மறுபடி பார்த்தேன். 2021-ல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கினது. தென்னாப்பிரிக்கக் கடலில் கிரெய்க் ஃபாஸ்டர் தினமும் மூழ்கி, ஏறக்குறைய ஒரு வருஷம் ஒரு பெண் ஆக்டோபஸைப் பின்தொடர்கிறார். நல்ல படம்தான். தலைப்புதான் இடிக்குது.

ஆக்டோபஸ் வாழ்க்கையில் டீச்சரே கிடையாதுங்க. குஞ்சு பொரிகிற சமயத்தில் தாய் செத்துப்போகும். பெரும்பாலான இனங்களுக்கு ஆயுசே ஒன்றிரண்டு வருஷம். தொட்டுப் பார்த்துத்தான் எல்லாம் கத்துக்கணும். சுமார் 50 கோடி நியூரான்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கு. நம்ம தொழில் பாஷையில் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்! அது கை நீட்டி ஃபாஸ்டரின் விரலைத் தடவும் காட்சியைப் பின்னணி இசை நட்பாக்கிவிடுகிறது. எனக்கு அது விசாரணையாகத்தான் தெரியுது. 'யார்றா நீ? தின்ன முடியுமா?'

இதே பழக்கத்தை வைத்துத்தான் அரிஸ்டாட்டில், தண்ணீரில் விட்ட கையை நோக்கி வருதே, முட்டாள் பிராணினு எழுதிவைத்தார். ஜெனிஃபர் மேத்தரும் ரோலண்ட் ஆண்டர்சனும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்லுது. எட்டு ஆக்டோபஸ்களிடம் மிதக்கும் மாத்திரை பாட்டிலைக் கொடுத்தார்கள். இரண்டு மட்டும் தண்ணீரைப் பீய்ச்சி அதைத் தள்ளின. நீரோட்டத்தில் திரும்பி வர வர மறுபடி தள்ளின. சோறு போடாத வேலை.

படத்தில் எனக்குப் பிடித்த இடம் வேறு. லென்ஸ் ஒன்று கை நழுவி விழ, ஆக்டோபஸ் மிரண்டு வளையை விட்டே போயிடுது. தின்று போட்ட ஓடு, மணலில் தடம்னு ஒவ்வொன்றாகப் படித்து, நாள்கணக்கில் தேடி ஃபாஸ்டர் கண்டுபிடிக்கிறார். நான் இதை எழுதுவது கருணாபுரத்தில் இருந்து. 2024 ஜூனில் விஷச்சாராயம் குடித்து எங்க பகுதியில் 60 பேருக்கு மேல் செத்தபோது இந்தத் தெருக்களுக்கு வராத கேமரா இல்லை. கொஞ்ச நாளில் எல்லாம் கிளம்பிடுச்சு. ஒரே இடத்துக்குத் தினமும் திரும்பிப் போகிற கேமராவைப் பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கு.

அப்புறம் படம் ஃபாஸ்டரின் மனச்சோர்வு, மகன்னு அவர் பக்கமே சாய்கிறது. சுறா துரத்தும்போது ஆக்டோபஸ் கிளிஞ்சல்களை வாரி உடம்பெல்லாம் போர்த்திக்கொள்ளும் இடத்திலாவது மனுஷன் பேசாமல் இருந்திருக்கலாம்.

நம்ம கடலோரத்தில் இதுக்குப் பேய்க்கணவாய்னு பேர். பாக் விரிகுடாவில் ஐவிரல் சங்குகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் இறக்குவார்கள். ஒளிய இடம் தேடி அதுவே உள்ளே புகும். அந்த மீனவர் ஒருத்தர் இந்தப் படத்துக்கு விமர்சனம் எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.