முகவரியைத் தடுப்பதா, பக்கத்தைத் துடைப்பதா?

எந்தத் தடுப்பும் போடாத பிரவுசரில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால், தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் அது கீழே நழுவிவிடும். தாமதமாக வந்த விளம்பரம் ஒன்று மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். இரண்டு பத்தி தாண்டினால் செருப்பு, அதற்குக் கீழே சர்க்கரையை விரட்டும் அதிசயக் காய், வலது மூலையில் யாரும் கேட்காமலே ஓடும் வீடியோ. அதை மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகளவுதான் இருக்கும். சற்றுத் தள்ளிச் சொடுக்கினால் விளம்பரமே திறந்துகொள்ளும். 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் இந்தக் கூத்து அடங்கும்வரை உள்ளே ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும்.

வீட்டுக் கணினியில் இதற்கு மூன்று தடுப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன: விண்டோஸிலேயே இருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைல், டிஎன்எஸ் வடிகட்டி, பிரவுசரில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன். மூன்றையும் ஒரே லேப்டாப்பில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மூன்றுமே இலவசம். எது எவ்வளவு தூரம் பார்க்கிறது என்பதில்தான் வித்தியாசம். முதல் இரண்டும் தபால் உறையின் மேலுள்ள முகவரியை மட்டும் படிப்பவை. எக்ஸ்டென்ஷன் உறையைப் பிரித்துக் கடிதத்தையே படிக்கும்.

ஹோஸ்ட்ஸ் ஃபைல் பழங்காலத்துச் சரக்கு. அர்ப்பாநெட் நாட்களில் வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயரைக் கேட்டு எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் முறையை வடிவமைத்த பிறகு அந்தக் கோப்புக்குப் பெரிய வேலை இல்லாமல் போனது. ஆனாலும் விண்டோஸ் இன்றுவரை முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கேட்கப் போகிறது. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் அங்கே இருக்கும். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 0.0.0.0 என்று போட்டு, ஓர் இடைவெளி விட்டுத் தடுக்க வேண்டிய தளத்தின் பெயரை எழுதிச் சேமித்தால், அந்தத் தளம் அந்தக் கணினியில் எந்த பிரவுசரிலும் திறக்காது. சேமிக்கும்போது பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது.

நான்கைந்து தளங்களைப் பூட்ட இது போதும். விளம்பரத்தைத் தடுக்க இதை நம்பினால் கஷ்டம். ‘இந்தப் பெயரில் முடியும் எல்லாவற்றையும் தடு’ என்று பொதுவாகச் சொல்ல இதில் வழியில்லை. முன்னால் மூன்று டபிள்யூ உள்ள பெயர், இல்லாத பெயர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஸ்டீவன் பிளாக் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கும் பெரிய பட்டியலை அப்படியே ஒட்டலாம்தான். விளம்பரம் போகும், அது இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் நிற்கும். இன்னொரு வேடிக்கை: விண்டோஸ் தகவல் அனுப்பும் மைக்ரோசாஃப்ட் முகவரிகளை இதில் தடுத்தால், 2020 முதல் அதே நிறுவனத்தின் வைரஸ் தடுப்பான் டிஃபெண்டர் உங்கள் ஹோஸ்ட்ஸ் ஃபைலை ஆபத்து என்று அறிவித்துத் துடைக்கப் பார்க்கிறது!

டிஎன்எஸ் வடிகட்டியில் பட்டியலைப் பராமரிக்கும் வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். ரூட்டரின் டிஎன்எஸ் கட்டத்தில் ஆட்கார்டின் 94.140.14.14 என்ற எண்ணைப் போட்டால் வீட்டில் வைஃபையில் இருக்கும் டிவி, ஃபோன், லேப்டாப் எல்லாவற்றிலும் விளம்பரம் கணிசமாகக் குறைகிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு 94.140.14.15, இது ஆபாசத் தளங்களையும் சேர்த்துத் தடுக்கும். கிளவுட்ஃப்ளேர் 2020-இல் தொடங்கிய 1.1.1.3 ஆபாசத்தையும் நச்சு நிரல்களையும் நிறுத்தும், விளம்பரத்தைத் தொடாது. இரண்டையும் ஒன்றென நினைத்துப் போட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லையே’ என்பவர்கள் உண்டு. ஃபைபர் இணைப்புகளில் ஐபிவி6-உம் சேர்ந்தே வருகிறது. ஐபிவி4 கட்டத்தை மட்டும் மாற்றினால் பாதிக் கேள்விகள் பழைய வழியிலேயே போகும், விளம்பரமும் பின்கதவு வழியாக வந்துவிடும். சில ஃபைபர் பெட்டிகளில் இந்தக் கட்டங்களை மாற்றவே அனுமதி கிடையாது. அப்போது விண்டோஸ் நெட்வொர்க் அமைப்புகளில் கணினிக்கு மட்டுமாவது மாற்றிக்கொள்ளலாம்.

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி வாங்கி அதில் பை-ஹோல் என்ற வடிகட்டியை நிறுவுவது இதே வேலையின் சொந்த வீட்டுப் பதிப்பு. நோண்டிப் பார்க்கப் பிடித்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. கரண்ட் போனதும் ரூட்டர் மட்டும் மினி யுபிஎஸ்ஸில் ஓடி பை அணைந்துவிட்டால், ‘நெட் போச்சு’ என்று மூன்று அறைகளிலிருந்தும் குரல் வரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரியை மட்டும் பார்ப்பவர்கள் எல்லாரும் தோற்கும் இடம் யூடியூப். விளம்பரமும் நாம் பார்க்கும் வீடியோவும் ஒரே முகவரிக் குடும்பத்திலிருந்து வருகின்றன. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நின்றுவிடும்.

இங்கேதான் யூபிளாக் ஆரிஜின் தனித்து நிற்கிறது. ரேமண்ட் ஹில் 2014-இல் தொடங்கிய எக்ஸ்டென்ஷன் இது. நன்கொடைகூட அவர் கேட்பதில்லை. கொடுக்க விரும்பினால் தடுப்புப் பட்டியல்களைப் பராமரிப்பவர்களுக்குக் கொடுங்கள் என்கிறார். ஆட்பிளாக் பிளஸ் 2011 முதல் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்ற பெயரில் சிலவற்றை உள்ளே விடுகிறது. அதற்காகப் பெரிய நிறுவனங்களிடம் கட்டணமும் வாங்கப்படுகிறது. காவலுக்கு வைத்த ஆள் கேட்டில் வசூல் செய்வதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இன்னொன்று, ஆரிஜின் என்ற சொல் இல்லாத வெறும் ‘யூபிளாக்’ வேறு சரக்கு. நிறுவும்போது பெயரை முழுதாகப் பாருங்கள்.

நிறுவியதும் அதே செய்தித் தளம் பாதி நீளத்துக்குச் சுருங்கியது. வெள்ளைக் கட்டங்களும் இல்லை. அமைப்புகளில் வடிகட்டிப் பட்டியல்கள் என்ற பகுதிக்குப் போய், நாடுகள், மொழிகள் என்பதன் கீழ் ‘இந்தியன்லிஸ்ட்’டை டிக் செய்யுங்கள். தமிழ் உள்ளிட்ட நம் மொழித் தளங்களுக்கான விதிகள் அதில்தான் இருக்கின்றன.

அதற்கும் தப்பியதற்கு மருந்துச் சொட்டான் போன்ற ஒரு சின்ன ஐகான் இருக்கிறது. எழுத்துரு ஒன்றை இறக்கிக்கொள்ளப் போன பக்கத்தில் ‘டவுன்லோட்’ என்று பச்சைப் பொத்தான்கள் வரிசையாக நின்றன. உண்மையானது ஒன்றுதான், அதுவும் சாம்பல் நிறத்தில் ஓரமாக. ஐகானைச் சொடுக்கியதும் பக்கம் மங்கியது. பச்சைப் பொத்தானின் மேல் சுட்டியை வைத்ததும் அது சிவந்தது. சொடுக்கி, உருவாக்கு என்றதும் போயே போய்விட்டது. மறுமுறை அந்தப் பக்கத்துக்குப் போனபோதும் வரவில்லை. தேடல் முடிவுகளில் நிறுவனங்களின் பெயரில் போலி விளம்பரம் கொடுத்து ஏமாற்றுகிறார்கள், தேடும்போது விளம்பரத் தடுப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் சொன்னதும் இப்படிப்பட்ட பொறிகளை வைத்துத்தான். ‘கஸ்டமர் கேர்’ எண்ணைத் தேடிப் பணத்தைத் தொலைப்பவர்கள் உள்ள நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும்.

குரோமில் யூபிளாக் ஆரிஜின் இனிக் கிடைக்காது. கூகுள் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதியை மாற்றி, 2025-இல் பழைய வகையை முழுதாக நிறுத்திவிட்டது. குரோமை விட மனமில்லாதவர்களுக்கு ‘லைட்’ பதிப்பு உண்டு, அன்றாடத்துக்குப் பரவாயில்லை. ஆனால் விளம்பரக் கம்பெனியின் வேவு நிரல் அந்தத் தளத்தின் சொந்த முகவரிபோல வேஷம் கட்டி வந்தால், முகத்திரையைக் கிழிக்கும் திறன் ஃபயர்ஃபாக்ஸில் ஓடும் முழுப் பதிப்புக்குத்தான் இருக்கிறது. என் ஓட்டு ஃபயர்ஃபாக்ஸுக்கே. ஆண்ட்ராய்டு ஃபோனில் உள்ள ஃபயர்ஃபாக்ஸிலும் இது ஓடும்.

யூடியூபில் மட்டும் இது எலியும் பூனையும் விளையாட்டு. 2023 முதல் யூடியூப் தடுப்பான்களைக் கண்டுபிடித்து எச்சரிக்கிறது. பட்டியலைப் புதுப்பித்தால் சரியாகும், பிறகு மறுபடி மக்கர் பண்ணும். சிறு பத்திரிகைகளின் தளங்களில் நான் யூபிளாக் ஆரிஜினின் பெரிய பவர் பட்டனை அமுக்கி அணைத்துவிடுகிறேன். அவர்களுக்கு வரும் நாலு காசும் விளம்பரத்தில்தான்.

பிள்ளைகளைக் கட்டுப்படுத்த யூபிளாக் ஆரிஜின் உதவாது. அதில் ஒரு தளத்தைத் தடுத்தால் எச்சரிக்கைப் பக்கம் வரும், அதிலேயே ‘தொடர்’ பொத்தானும் இருக்கும். அதற்கு ரூட்டர் டிஎன்எஸ்தான் சரி. அதையும் பிரவுசரின் ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ அமைப்பை மாற்றியோ ஒரு விபிஎன் போட்டோ தாண்ட, பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஒரு மதிய நேரம் போதும்.

இத்தனையும் போட்ட பிறகும் திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று பெட்டி முளைத்தால், என்றோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பக் கேட்டபோது யாரோ ‘அனுமதி’யை அமுக்கியிருக்கிறார்கள். பிரவுசர் அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய், அனுமதி பெற்ற பட்டியலில் தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். தளங்கள் அனுமதி கேட்பதையே நிறுத்தும் தேர்வும் அதே இடத்தில் இருக்கிறது.