பரணில் ஏறிய மடிக்கணினி

"அண்ணே, அந்த பாஸை எடுத்து விட்டுருங்க. கேமுக்கு இடம் பத்தல."

2012, 2013 வாக்கில் அருப்புக்கோட்டையில் நண்பர் ஒருவரின் கணினிப் பழுதுக் கடையில் மாலை வேளைகளில் உட்கார்ந்திருப்பேன். திருச்சுழி, நரிக்குடி பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் பிளஸ் டூ பையன்கள், அரசு கொடுத்த மடிக்கணினியை மேசைமேல் வைத்ததும் சொல்லும் முதல் வாசகம் பெரும்பாலும் இதுதான். பத்து நிமிட வேலை. பாஸ் போய்விடும், அந்த இடத்தில் 'வைஸ் சிட்டி' வந்து உட்காரும். பையன் முகம் மலர்ந்து கிளம்புவான்.

பாஸ் என்று அவன் சொன்னது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இயங்குதளம். தமிழில் மெனு காட்டும், காசு கிடையாது, எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, தன் எல்காட் நிறுவனம் வழியாக வாங்கிய முதல் தவணைக் கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. விண்டோஸ் 7 வரிசையிலேயே மிகக் குறைந்த பதிப்பு ஸ்டார்ட்டர். திரையின் பின்னணிப் படத்தைக்கூட அதில் மாற்ற முடியாது. முழுமையான இயங்குதளம் ஒன்றும் அரைகுறையான ஒன்றும் ஒரே பெட்டியில் வந்தன. பிள்ளைகள் அரைகுறையை வைத்துக்கொண்டு முழுமையானதை அழித்தார்கள். ஏன் என்ற கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை.

திட்டத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. மானம் பார்த்த கரிசல் பூமி இது. கம்பும் சோளமும் மல்லியும் மிளகாயும் போட்டு, மழை பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற ஊர்கள். 2018இல் நிதி ஆயோக், 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து எடுத்தவை இரண்டே இரண்டு: விருதுநகர், ராமநாதபுரம். அந்த இரண்டும் சந்திக்கும் ஓரம்தான் திருச்சுழியும் நரிக்குடியும். அங்கே ஒரு வீட்டின் முதல் கீபோர்டு அரசு கொடுத்த கீபோர்டுதான். பெருந்தொற்றால் திட்டம் நிற்கும்வரை மாநிலம் முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் போய்ச் சேர்ந்தன. இவ்வளவு பெரிய வன்பொருள் விநியோகத்தைச் செய்து காட்டிய மாநிலங்கள் அரிது.

கட்டற்ற மென்பொருளின் பக்கத்து நியாயமும் பெரியது. விலை இல்லை என்பது அதில் கடைசிக் காரணம். மென்பொருளை விருப்பம்போல் பயன்படுத்தலாம், அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகள்தான் அதன் உயிர். எங்கள் ஊரில் மென்பொருள் என்றாலே பென் டிரைவில் கைமாறுவதுதான். விண்டோஸைக் கைமாற்றினால் அது திருட்டு, லினக்ஸைக் கைமாற்றினால் உரிமை. ஒரு பிள்ளை முதன்முதலாகக் கணினி பழகும்போதே திருட்டுப் பிரதியில் தொடங்க வேண்டியதில்லை என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. அதோடு, அந்தக் காலத்தில் பென் டிரைவுக்குப் பென் டிரைவு தாவிய 'ஷார்ட்கட் வைரஸ்' விண்டோஸில் எல்லாக் கோப்பையும் மறைத்துவிடும். கல்யாண போட்டோவைக் காணோம் என்று யாராவது பதறி வந்தால், நண்பர் எடுப்பது பாஸ் இருக்கும் கணினியைத்தான். அதில் செருகினால் அத்தனை படமும் அப்படியே தெரியும்.

இத்தனை இருந்தும் பாஸ் தோற்றது. லினக்ஸ் ஆர்வலர்கள் இதற்கு மக்களின் அறியாமையைக் காரணம் சொல்வார்கள். நான் ஒப்பமாட்டேன். அந்தப் பையனின் கணக்கு அவன் நிலையில் சரியான கணக்கு. விருதுநகர் மாவட்டம் வணிகர்களின் மாவட்டம். பருப்பு மண்டியோ எண்ணெய்க் கடையோ நூல் கடையோ, வேலை கேட்டுப் போனால் முதல் கேள்வி "டேலி தெரியுமா?" என்பதுதான். டேலி என்ற அந்தக் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. சிவகாசி அச்சகம் எதற்குள் நுழைந்தாலும் கோரல் டிராவும் போட்டோஷாப்பும்தான். அதற்கு ஈடாகக் கட்டற்ற உலகம் நீட்டியது ஜிம்ப். அச்சுக்கு வேண்டிய நான்கு வண்ணப் பிரிப்பில் ஜிம்ப் பல ஆண்டுகள் நொண்டியது. 2025 மார்ச்சில் வந்த மூன்றாம் பதிப்பில் தேறியிருக்கிறது, ஆனாலும் அந்தக் குறை முழுதாகத் தீரவில்லை. காலண்டர் அச்சடித்து வாழும் ஊரில் அந்த ஒரு குறை போதும் அதை ஒதுக்க. டி.டி.பி. கடைகளில் தட்டிய தமிழ் 'வானவில்' போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தது. 2010இலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டும் கடைகள் மாறவில்லை. அந்தக் கோப்பை பாஸில் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள் வரும். வீட்டில் இணையம் என்றால் டேட்டா கார்டு, அது லினக்ஸில் லேசில் ஒட்டாது. புதிய மென்பொருள் ஒன்றை இறக்க லினக்ஸுக்கு இணையம் வேண்டும், பாஸில் இணையம் வர அந்த டேட்டா கார்டு வேலை செய்ய வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கப் பள்ளியில் யாரும் இல்லை, வீட்டிலும் இல்லை.

இங்கேதான் நான் சொல்ல வருவது இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் மட்டும் வயல் விளையாது என்பது இந்தச் சீமையில் குழந்தைக்கும் தெரியும். நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைப்பதும், வரப்பு உடைந்தால் ஓடுவதும் அவர் வேலை. அறுவடைக் களத்தில் அவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவார்கள். மடிக்கணினித் திட்டம் கண்மாயை நிரப்பியது, நீர்பாய்ச்சியை நியமிக்கவில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கமும் இதே தவறைச் செய்தது. உரிமம் திறந்திருந்தால் மக்கள் தாமாக வருவார்கள் என்று நம்பியது.

கேரளம் நியமித்தது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. அதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, பாடநூலை அதை வைத்தே எழுதியது, பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வையும் அதிலேயே நடத்தியது. தேர்வில் வருகிற ஒன்றை எந்தப் பிள்ளையும் அழிக்காது. 2017இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. அடுத்த ஆண்டு 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் வந்தன. பள்ளிக் கணினிகளைப் பராமரிப்பதில் மாணவர்களுக்கே பங்கு கொடுத்தார்கள்.

நம்மிடமும் முயற்சி இல்லாமல் இல்லை. எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்ற 2014இல், அரசுத் துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு சொன்னது. 2018இல் வந்த புதிய மேல்நிலைப் பாடநூல்களில் ஓப்பன் ஆபிஸ், உபுண்டு, அடுத்த ஆண்டு பைத்தான் எல்லாம் வந்தன. அதிலும் ஒரு வருத்தம். ஓப்பன் ஆபிஸை உருவாக்கியவர்களில் பெரும்பகுதியினர் 2010இலேயே பிரிந்து லிப்ரே ஆபிஸ் தொடங்கிவிட்டார்கள். வளர்ந்தது பின்னது, பாடத்தில் வந்தது முன்னது. ஒவ்வொரு முயற்சியும் ஓர் அதிகாரியோடு, ஓர் ஆணையோடு, ஒரு பாடத்தோடு நின்றது. ஒன்றோடு ஒன்று சேர்ந்து வாய்க்காலாக ஓடவில்லை.

இனி விளையாட்டு. மடிக்கணினி கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுத்தார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். நான் பார்த்தது வேறு. 'வைஸ் சிட்டி' ஓடாதபோது அந்தப் பையன்தான் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடினான். கிராபிக்ஸ் டிரைவர் என்றால் என்ன, இரண்டு ஜிபி ரேம் ஏன் போதவில்லை, சி டிரைவ் நிறைந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் விளையாட்டுத்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. பழுதுக் கடைக்கு வாடிக்கையாளனாக வந்தவர்களில் சிலர் பின்னால் அதே கடையில் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தார்கள்.

2016க்குப் பிறகு விளையாட்டு போனுக்குப் போனது. பப்ஜி 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் தடை செய்யப்பட்டன. பப்ஜி பேர் மாறித் திரும்பவும் வந்தது, ஃப்ரீ ஃபயர் வேறு வடிவில் தொடர்ந்தது. போன் விளையாட்டில் நான் காணும் பெரிய குறை நேரம் தின்பது இல்லை. அதன் மூடி திறக்காது. உள்ளே கோப்பு இல்லை, நோண்ட இடம் இல்லை. திறப்பது ஒன்றுதான், அப்பாவின் பணப்பை. விளையாட்டுக்குள் வரும் கத்திக்கும் சட்டைக்கும் 'வைரம்' என்ற விளையாட்டுக் காசு வாங்கச் சொல்லும்.

இதிலும் விலக்கு ஒன்று உண்டு. 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'வில் வண்டியின் வண்ணத்தை நாமே வரைந்து ஏற்றலாம். தமிழ்ப் பையன்கள் அரசுப் பேருந்தையும் தங்கள் தடத்துத் தனியார் பேருந்தையும் அதன் எழுத்து, கோடு, படம் மாறாமல் வரைந்து ஓட்டுகிறார்கள். கொஞ்சம் திறந்துவிட்டால் போதும், பிள்ளைகள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். சூப்பர் டக்ஸ் கார்ட், லுவாண்டி போன்ற கட்டற்ற விளையாட்டுகள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கக் கிடைக்கின்றன. ஆனால் கரிசல் காட்டுப் பையன் தன் ஊர் என்று சொல்லிக்கொள்ள அவற்றில் எதுவும் கிடையாது. அதை இங்கிருந்துதான் யாராவது செய்ய வேண்டும். கருவி இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. விளையாட்டு செய்ய கோடோ இருக்கிறது. 2025இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' முழுக்க பிளெண்டரில் செய்தது, பிளெண்டரும் கட்டற்றதுதான்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 ஏற்க, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் வேண்டும். 2011 முதல் திட்டத்தில் கொடுத்த பழைய கணினிகளை அது ஏற்காது. அன்று அழிக்கப்பட்ட லினக்ஸ்தான் இன்று அவற்றுக்குப் பாதுகாப்பான புகலிடம். சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, எங்கள் ஊர்ப் புழுதி அடைத்த ஃபேனைத் துடைத்து, லினக்ஸ் மின்ட் ஏற்றினால் 4 ஜிபி கணினி மறுபடி எழுந்து நடக்கிறது. 2 ஜிபி கணினியில் எழுத்து வேலையும் பைத்தான் பழகுவதும் நடக்கும், யூடியூப் திணறும், அதை மறைப்பதில் பயனில்லை. பேட்டரி செத்திருக்கும், மின்வெட்டு நேரத்தில் அது உதவாது. 2025 கடைசியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை ஏறியிருக்கும் வேளையில் இந்தப் பழைய பெட்டிகளுக்கு ஒரு மதிப்பு வந்திருக்கிறது.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டில் மடிக்கணினி என்ற அறிவிப்பை 2025 மார்ச் 14 அன்று நிதிநிலை அறிக்கையில் படித்தவர் திருச்சுழித் தொகுதியிலிருந்து போன அன்றைய அமைச்சர் தங்கம் தென்னரசு. திருச்சுழியிலேயே இப்போது அரசு கலை அறிவியல் கல்லூரியும் இருக்கிறது. அந்த அறிவிப்பின்படி வந்த புதிய கணினியிலும் விண்டோஸோடு பாஸும் இருக்கிறது. இந்த முறை அது அழிக்கப்படாமல் இருக்க வேண்டுமானால், அந்தக் கல்லூரியில் வாரம் ஒரு மாலை, ஓர் அறை, இரண்டு விவரம் தெரிந்த ஆட்கள் போதும். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளுக்காக வார இறுதிகளில் இதைத்தான் செய்கிறார்கள். தமிழில் படிக்க 2012இலிருந்து கணியம் மின்னிதழ் இருக்கிறது. விழுப்புரத்தில் முடிந்தது அருப்புக்கோட்டையிலும் முடியும்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தப் பழைய கறுப்புப் பெட்டி இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். இறக்கித் துடைத்து, லினக்ஸ் ஏற்றி, தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். கொடுத்துவிட்டு வந்துவிடாமல், முதல் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாவது அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்.