பணியிடத் தன்வெளிப்பாடும் பால் காட்டும் விகுதிகளும்

லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007) என்னும் தன்வரலாறு, பெயர் மாற்றத்திற்கும் பணிக்கும் ஒரு திருநங்கை நடத்திய போராட்டமாகவே பெரிதும் பேசப்படுகிறது. மொழியியலார்க்கு அதில் வேறொரு செய்தியும் உண்டு.

தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டாது. 'வந்தேன்' என்பவர் ஆணா பெண்ணா என விகுதி உணர்த்துவதில்லை. இந்தியிலோ 'ஆயா', 'ஆயீ' என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்காமல் 'நான் வந்தேன்' எனச் சொல்ல இயலாது. மராத்தியிலும் நிலை இதுவே. அம்மொழிகள் வழங்கும் அலுவலகங்களில் தன்வெளிப்பாடு பெரும்பாலும் வினைமுற்றிலேயே நிகழ்ந்துவிடுகிறது. தமிழ் அலுவலகத்தில் படர்க்கையிலும் 'அவர் வந்தார்' என்னும் உயர்வுப் பன்மை பாலை மறைத்துவிடும். இதனை மொழியின் பெருந்தன்மை எனப் பாராட்டுவது அவசர முடிபு. வீட்டார் 'அவள்' எனச் சொல்ல மறுப்பது வெளிப்படையான மறுப்பு. உடன் பணியாற்றுவோரோ 'அவர்' என்று மரியாதையுடன் கூறிக்கொண்டே இறுதிவரை ஏற்காமலும் இருக்கலாம். இத்திரை கிழிவது, விந்தையாக, கடன்சொற்களில்: 'சார்', 'மேடம்' என்னும் விளிகளில்.

வேண்டுமென்றே 'சார்' என விளிப்பவரின் வன்மத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பது எளிது. 'அவர்' என்பதிலுள்ள தயக்கத்தைப் பெயர்ப்பது அரிது. 'ஹீ', 'ஷீ' இரண்டில் ஒன்றை இடும் மொழிபெயர்ப்பாளர், பேசுபவர் எடுக்காத முடிவைத் தாமே எடுத்துவிடுகிறார். 'தே' என இடினும் மூலத்தில் இல்லாத ஓர் அறிவிப்பு புகுந்துவிடும். மூலத்திலுள்ள மரியாதையும் அதில் வாராது.