பாத்திரச் சிக்கற்பாடும் சமுதாய முரண்பாடும்: ஜெயகாந்தனின் கங்காவை முன்னிறுத்திச் சில சிந்தனைகள்

புனைகதை விமர்சனத்திலே தாராளமாக வழங்கப்பட்டும் ஆழமாக ஆராயப்படாதும் இருக்கும் பாராட்டுரைகளுள் 'சிக்கலான பாத்திரம்' என்பதும் ஒன்று. ஒரு பாத்திரம் இருமனப்பட்டு நின்றால், நன்மையும் தீமையும் அதனிடத்துக் கலந்திருந்தால், அதன் மனவோட்டத்துக்கு ஆசிரியர் பல பக்கங்களை ஒதுக்கியிருந்தால், அதனைச் சிக்கலானது என்று கூறிவிடுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஈழத்தில் இச்சொல்லுக்கு மற்றொரு பயன்பாடும் இருந்தது. அறுபதுகள் முதலாக முற்போக்குப் புனைகதையை எதிர்த்தோர் கையில் இது ஒரு படைக்கலமாக விளங்கியது. மு. தளையசிங்கத்தின் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' எழுப்பிய வாதங்களையும் அவற்றைத் தொடர்ந்த சர்ச்சைகளையும் அறிந்தோர் இதனை நினைவுகூர்வர். முற்போக்கு எழுத்தாளரின் பாத்திரங்கள் கொள்கையின் ஊதுகுழல்கள், உள்மனமற்ற பொம்மைகள் என்று ஒருசாரார் கூறினர். உள்மனச் சிக்கல் என்பதே நடுத்தர வர்க்கத்தின் ஓய்வுநேரக் கேளிக்கை என்று மறுசாராருட் சிலர் விடையிறுத்தனர். இவ்விரு தரப்பினரும் ஒரு விடயத்தில் உடன்பட்டிருந்தமை மனங்கொள்ளத்தக்கது: சிக்கற்பாடு மனத்துக்குரியது, சமுதாயம் அதற்குப் புறம்பானது என்பதே அவ்வுடன்பாடு. அது தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இப்பொருள்பற்றிப் பேசுவோர் யாவரும் ஈ. எம். ஃபோஸ்ரரிலிருந்து தொடங்குவது மரபு. 1927இல் அவர் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய விரிவுரைகளில் பாத்திரங்களைத் தட்டையானவை, முழுமையானவை என இரண்டாக வகுத்தார். தட்டைப் பாத்திரத்தை ஒரு வாக்கியத்துள் அடக்கிவிடலாம். முழுமைப் பாத்திரமோ நம்பத்தக்க வகையில் நம்மை வியப்புறுத்த வல்லது. நமது பல்கலைக்கழகப் பரீட்சை விடைத்தாள்களில் இப்பாகுபாடு எத்தனை தலைமுறையாக மனனஞ் செய்து ஒப்புவிக்கப்படுகிறது என்பதைத் திருத்துவோர் அறிவர். பாகுபாடு பயனற்றதன்று. ஆயின் அது வாசகனிடத்து நிகழும் விளைவைக் கூறுகிறதேயன்றி அவ்விளைவின் காரணத்தைக் கூறவில்லை. ஒரு பாத்திரம் நம்மை வியப்புறுத்தும்பொழுது, அவ்வியப்பு ஏன் நம்பத்தக்கதாய் அமைகிறது? ஆசிரியர் விரும்பியவாறு திருப்பங்களை ஏற்படுத்தும் தொடர்கதைகளிலும் பாத்திரங்கள் நம்மை வியப்புறுத்துகின்றன. அவற்றை நாம் நம்புவதில்லை. இந்த வேறுபாட்டை விளக்கும் கருவி ஃபோஸ்ரரிடம் இல்லை.

அக்கருவி அவருக்கு ஏறக்குறைய நாற்பதாண்டுகள் முன்னரே எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் இருந்தது. 1888 ஏப்ரலில் எங்கெல்ஸ் மார்கிரட் ஹார்க்னஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியைக்கு எழுதிய கடிதமே அது. வகைமாதிரியான சூழ்நிலைகளில் வகைமாதிரியான பாத்திரங்கள் என்னும் கோட்பாட்டுக்காக அக்கடிதம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அக்கடிதத்துக்குக் காரணமாயிருந்த நாவலை எடுத்துக்காட்டுவோர் நாடுவது குறைவு. ஜோன் லோ என்ற புனைபெயரில் ஹார்க்னஸ் 1887இல் வெளியிட்ட 'நகரப் பெண்' என்னும் நாவல், கிழக்கு லண்டனிலே தையல் வேலை செய்து பிழைக்கும் ஏழைப்பெண்ணொருத்தி நடுத்தர வர்க்கத்து மணமான ஆடவன் ஒருவனால் ஏமாற்றப்படுவதைக் கூறுகிறது. மிகப் பழைய இக்கதையைப் புனைவலங்காரமின்றிக் கூறியமைக்காகவும், ஏமாற்றிய ஆர்தர் கிராண்டின் வார்ப்புக்காகவும் எங்கெல்ஸ் ஆசிரியையைப் பாராட்டினார். பாத்திரங்கள் வகைமாதிரியாய் அமைந்துள்ளன. அவற்றைச் சூழ்ந்துநின்று இயக்கும் நிலைமைகள் அவ்வளவு வகைமாதிரியாய் அமையவில்லை என்பதே அவர் கண்ட குறை. தொழிலாளர் வெறும் துன்பப்படுவோராகவே தோன்றுகின்றனர் என்றும் அவர் கருதினார். வேறு வகையிற் கூறின், பாத்திரத்தின் ஆழம் அப்பாத்திரத்தின் உள்ளே மட்டும் கிடைப்பதன்று; அதனைத் தாக்கும் சக்திகள் எவ்வளவு முழுமையாகப் படைப்பினுள் வந்துள்ளன என்பதைப் பொறுத்தது.

இக்கருத்தைச் சோதிப்பதற்குத் தமிழில் மிகப் பொருத்தமானது ஜெயகாந்தனின் கங்கா. ஒரே பெண்ணை, ஒரே நிகழ்ச்சியிலிருந்து தொடங்கி, ஓராசிரியர் மூன்று முறை எழுதியமை நம் புனைகதை வரலாற்றில் அரிய வாய்ப்பாகும். கதையும் இங்கு அதே பழைய கதைதான்.

1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் அவளுக்குப் பெயரில்லை. மழை பெய்யும் ஒரு மாலையில் பேருந்துக்குக் காத்துநிற்கும் கல்லூரி மாணவி, பணக்கார இளைஞனின் காரில் ஏறுகிறாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். விதவைத் தாய் முதலிற் பதறினும், மகளின் தலையில் நீரை வார்த்து அவள் தூய்மையானவள் என்று உரைக்கிறாள். அக்காலத்தில் இம்முடிவு பெரும் எதிர்ப்பைக் கிளப்பிற்று. துணிவான கதை என்பதில் ஐயமில்லை. எனினும் நமது நோக்கில் இக்கதையிலே சிக்கலான பாத்திரம் எதுவும் இல்லை. மாணவி பேதைமையின் உருவம். இளைஞன் பொறுப்பற்ற செல்வத்தின் உருவம். தாய் மட்டும் ஒரு கணம் இரு வழிகளுக்கிடையே நிற்கிறாள். அக்கணம் விரைவிற் கடந்துவிடுகிறது. குடத்து நீரால் சமுதாயம் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறது. தீர்வு கிடைத்தவிடத்துப் பாத்திரம் வளர்வதற்கு இடமில்லை.

'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1970) அந்த நீரை மறுப்பதிலிருந்து பிறக்கிறது. தாய் அவ்வாறு செய்யாது கூக்குரலிட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதே நாவலின் அடிப்படை வினா. இங்கு தாய்க்குக் கனகம் என்றும், மகளுக்குக் கங்கா என்றும் பெயர்கள் கிடைக்கின்றன. அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். தஞ்சாவூரில் வழக்கறிஞராகிய வெங்கு மாமா ஆதரவளித்துப் படிக்கவைக்கிறார். ஆண்டுகள் பல கழிந்தபின் கங்கா நல்ல உத்தியோகத்தில் இருக்கும் தனித்த பெண்ணாக நம்முன் நிற்கிறாள். பேருந்தில் ஆடவர் நெருக்கத்தை அருவருக்கிறாள். தாயுடன் வாழ்ந்தும் தாயுடன் ஒட்டாதவளாய் இருக்கிறாள்.

கணேசனின் செயலைக் கொடுமை என்று கூறி நிறுத்திவிடலாகாது. நிலத்தோடிருந்த பழைய தொடர்பறுந்து மாதச் சம்பளத்தை நம்பி நகரத்தில் வாழவந்த பிராமணக் கீழ்நடுத்தரக் குடும்பத்துக்கு எஞ்சியிருந்த முதல் யாது? சாதிப் பெருமையும், அதன் உறைகல்லாகப் பெண்ணின் கற்புமே. திருமணச் சந்தையிலே பணமாக மாற்றத்தக்க கடைசிச் சொத்து அது. அது பறிபோனதாக அயலார் அறிந்த கணத்தில் கங்கா உறவினளாகவன்றி நட்டக் கணக்காகத் தோன்றுகிறாள். கற்பைப் பற்றிய வாதங்கள் தமிழில் ஏராளம். அதனை ஒரு வர்க்கத்தின் வீழ்ச்சிக்கால உடைமையாகக் காணும் வாய்ப்பை இந்நாவல் தருகிறது. ஜெயகாந்தன் இதனைத் திட்டமிட்டுச் செய்தாரா என்பது வேறு வினா. மன்னராட்சியில் நம்பிக்கை கொண்ட பல்சாக்கே தம் சார்புகளை மீறிப் பிரபுக்களின் அழிவைக் காட்டினார் என்று எங்கெல்ஸ் அதே கடிதத்திற் கூறியதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும்.

கங்காவின் சிக்கற்பாடு கற்பிழப்பினால் வந்ததன்று. கெடுக்கப்பட்டு அழும் பெண்கள் நம் தொடர்கதைகளில் மலிந்துள்ளனர். அவர்களிடத்து இரக்கமே பிறக்கிறது. கங்காவை வேறுபடுத்துவது அவளுடைய விடுதலைக்கும் அடிமைத்தனத்துக்கும் ஊற்று ஒன்றாயிருத்தலே. அவளுடைய கல்வியும், உத்தியோகமும், எவர் தயவுமின்றி வாழும் வருமானமும் வெங்கு மாமாவின் ஆதரவினால் வந்தவை. அதே மாமா அவள் உடல்மீது கண் வைத்திருக்கிறார். அவள் இனி ஒருவனுக்கு மனைவியாக முடியாது, வேண்டுமானால் வைப்பாக இருக்கலாம் என்று சாத்திரமும் சட்டமும் கலந்து தீர்ப்பு வழங்குபவரும் அவரே. இதனினும் நுட்பமானது, அவள் சிந்திக்கும் மொழியே அவர் தந்ததாக இருப்பது. நாவலின் பெரும்பகுதி கங்காவின் தன்கூற்றாக, ஆங்கிலம் விரவிய பிராமணப் பேச்சுவழக்கில் அமைந்துள்ளது. அவருடைய வாதத்திறனே அவளுடைய ஏளனத்தின் கருவியாகிறது. அவரை வெறுக்கும் அறிவையும் அவரிடமிருந்தே பெற்றவள் அவள். மாமாவை உதறினால் அவள் தன் ஒரு பகுதியையே உதறுதல் வேண்டும். இதனைத்தான் முரண்பாடு என்கிறோம். நல்லதும் கெட்டதும் கலந்த கலவையன்று இது. ஒன்று மற்றதை ஈன்று, ஈன்றதே அதனை எதிர்த்து நிற்கும் உறவு.

இதனாலேயே அவளுடைய அடுத்த செயல் நம்மை வியப்புறுத்தியும் நம்பவைக்கிறது. அன்று நிகழ்ந்ததைப் போன்றதொரு கதை பத்திரிகையில் ஆர். கே. வி. என்ற எழுத்தாளர் பெயரில் வெளிவர, அவர் வழியாகத் தடம்பிடித்துத் தன்னைக் கெடுத்த பிரபுவை அவள் கண்டடைகிறாள். பழிவாங்கவன்று, காதலித்தற்குமன்று. மாமாவின் தீர்ப்பை எழுத்துப்பிசகாமல் நிறைவேற்றி அவரைத் தோற்கடிக்கிறாள். ஒருவனின் வைப்பு என்னும் பட்டத்தை ஊரறியத் தானே சூடிக்கொள்கிறாள். அப்பட்டத்துக்குரிய உடலுறவோ அங்கில்லை. சமுதாயம் தந்த இழிபெயரைக் கேடயமாக்கி அதன் பின்னே சுதந்திரமாக வாழ முயல்வது எத்துணைத் தந்திரமான எதிர்ப்பு! எத்துணை முழுமையான சரணாகதியும்கூட! ஒருத்தி ஒருவனுக்கு உரியவளாகவே இருத்தல் வேண்டும் என்ற விதியை அவள் மீறவில்லை. அவ்விதியின் உச்சமான பக்தையாகிறாள். எதிர்ப்பும் அடிபணிவும் ஒரே செயலாகுமிடத்தில் இப்பாத்திரம் ஒரு வாக்கியத்துள் அடங்க மறுக்கிறது. ஃபோஸ்ரர் விளைவாகக் கண்டதன் காரணம் இதுவே.

வெங்கு மாமாவைப் பற்றியும் ஒரு சொல். அவரைக் காமுகக் கிழவர் என்று விமர்சகர் பலர் ஒதுக்கிவிடுவதுண்டு. என் மதிப்பீட்டில் கங்காவுக்கு அடுத்ததாக முழுமை பெற்றவர் அவரே. அவருடைய கொடை உண்மையானது. அவருடைய இழிவும் உண்மையானது. ஒன்று மற்றதற்குப் போர்வையன்று. ஆதரவற்றவளுக்கு ஆதரவளிக்கும் பெரியவர், அவ்வாதரவை உரிமையாகக் கருதும் பெரியவர் என்னும் இருவரும் நிலவுடைமைக் குடும்ப அமைப்பில் ஒருவராகவே இருந்து வந்துள்ளனர்.

பிரபு ஆர்தர் கிராண்டின் தம்பியென்றே கூறலாம்; அண்ணனளவு தேறவில்லை. தன்னிரக்கத்தில் தோய்ந்த, வளராத சிறுவனாகிய பணக்காரன் என்ற வார்ப்பு சுவையானது. ஆனால் அவனுடைய செல்வம் எவ்வாறு உண்டாகிறது, யாருடைய உழைப்பில் அந்தக் கார் ஓடுகிறது என்பவை கதையை இயக்கும் சக்திகளாக வளரவில்லை. கங்காவின் அலுவலகமும் அவ்வாறே. நாள்தோறும் அவள் செய்யும் வேலை, அவளுக்குக் கீழே பணிபுரிவோர், அங்கு அவள் பெறும் அதிகாரம் ஆகியன பின்திரையாகவே நின்றுவிடுகின்றன. உழைப்பு அவளுக்கு வருமானம் தருகிறது, உறவுகளைத் தரவில்லை. எங்கெல்ஸ் ஹார்க்னஸிடம் கண்ட குறையே இங்கும் மீள்கிறது. பிரபு விலகிப்போனபின் அவள் மதுவில் வீழ்வது இக்குறையின் விளைவு என்பேன். அவளை ஏந்தத்தக்க வேறெந்த மனிதக் கூட்டத்தையும் ஆசிரியர் படைப்பினுள் அனுமதிக்கவில்லை. 1978இல் வந்த 'கங்கை எங்கே போகிறாள்' அவளை மீட்க எடுத்த முயற்சி. அங்கு முரண்பாடுகள் தீர்க்கப்படவில்லை. ஆன்மிகச் சாந்தியிற் கரைக்கப்படுகின்றன. அவள் மேலும் நல்லவளாகிறாள், சிக்கலற்றவளாகிறாள். குடத்து நீரில் தொடங்கிய கதை வேறொரு நீரை நாடிப்போவது தற்செயலன்று.

இதிலிருந்து நம் முற்போக்குப் புனைகதைக்குப் பெறக்கூடிய படிப்பினை யாது என்பதே எம்மைப் பொறுத்தவரை முக்கியமான வினா. சிக்கற்பாட்டைத் தேடி நாம் ஜெயகாந்தனின் நடுத்தர வர்க்க மனவறைகளுக்குச் செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தின் குடிமை முறையையே எடுத்துக்கொள்வோம். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் தீண்டாமையைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்னரும் ஆலயங்களும் தேநீர்க்கடைகளும் மூடியே கிடந்தன. 1966 ஒக்ரோபரில் ஊர்வலமும் அதனைத் தொடர்ந்து பல ஊர்களிற் போராட்டங்களும் வெடித்தன. டானியலின் 'பஞ்சமர்' (1972) இவ்வரலாற்றுக்குள்ளிருந்து பிறந்தது. தனிமனித உள்ளத்தை அது விரித்துக் காட்டவில்லை என்று குறை கூறுவோர், அந்நாவல் ஒரு சமூகத்தையே பாத்திரமாகக் கொண்டது என்பதைக் கவனிப்பதில்லை. அக்குறைகூறலை நான் ஏற்கவில்லை.

ஆனால் டானியலைப் பின்பற்றியோர் எழுதிய சிறுகதைகள் பலவற்றில் வேறொரு குறை உண்டு. அதனை எதிரணியினர் கூறினர் என்பதற்காக நாம் மறுத்துவிடலாகாது. அக்கதைகளில் ஒடுக்கப்பட்டவன் முதற் பந்தியிலேயே போராளியாக நிற்கிறான். உண்மையில் அவன் குடியிருந்த நிலம் கமக்காரனுடையது. குடிக்கும் நீரும் கமக்காரன் கிணற்றில் பிறர் கையால் அள்ளி ஊற்றப்படுவது. பிள்ளையின் நோய்க்குக் காசு தந்தவனும் அக்கமக்காரனே. அக்கடனுக்கு நன்றியும் அச்சமும் வேறுபிரித்தறிய முடியாதவாறு மனத்திற் கிடக்கும். ஆலய வாசலில் மகன் நிற்கும் அன்று தகப்பன் யாருடைய வளவில் படுத்துறங்குவது? மகனைத் தடுக்கும் அத்தகப்பனைக் கோழையென்றோ துரோகியென்றோ எழுதுவது எளிது. நன்றிக்கும் மானத்துக்கும் ஒரே கிணறு ஊற்றாயிருப்பதை அவன் உணரும் இரவை எழுதுவதே கடினம். வெங்கு மாமாவிடம் கங்கா பட்டதைவிடப் பன்மடங்கு கூரிய முரண்பாடு அது. அதன் விளைவு ஒருத்தியின் மனத்தோடு முடியாது, ஓர் ஊரையே இரண்டாக்குவது. அத்தகப்பனை மையமாகக் கொண்டு நம்மவர் எழுதிய கதைகள் மிகச் சில.